ஸ்டெல்லா உட்கார்ந்திருக்கிறாள்

மற்ற அம்மாக்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறார்கள், கீபோர்டு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் என் மகளுக்கு அசையாமல் உட்காரக் கற்றுக்கொடுத்தேன். மூன்றே வாரத்தில் கற்றுக்கொடுத்தேன். அதைப் பற்றிக் கொஞ்ச நாள் பெருமையாகவும் திரிந்தேன்.

அது 2010. நாங்கள் செகந்திராபாத் பக்கம் கூகட்பல்லியில் குடியிருந்தோம். என் கணவர் ஃபெலிக்ஸுக்குக் கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் வேலை. எனக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியின் பரிசோதனை லேபில் வேலை. இரண்டுக்கும் நடுவில் கூகட்பல்லி என்று ஃபெலிக்ஸ் மேப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தார். மேப்பில் டிராபிக் தெரியாது என்பதால் இருவருமே தினம் மூன்று மணி நேரம் ரோட்டில் கிடந்தோம்.

ஸ்டெல்லாவுக்கு அப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மாமியார் பெயரை வைத்ததால் அப்படிப் பழைய பெயர். நாங்கள் பாளையங்கோட்டைத் தமிழில் பேசுவோம், அவள் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்லுவாள். அந்தப் பதிலையும் நின்று சொல்ல மாட்டாள். சோபாவின் கைப்பிடியில் நடந்துகொண்டே சொல்லுவாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும், பதில் முடிவதற்குள் ஆள் பால்கனியில் இருப்பாள். ஜூன் மாதம் பள்ளி திறந்து ஜூலை முடிவதற்குள் ஏழு தண்ணீர் பாட்டில்களைத் தொலைத்தாள். ஒரு ஷூவை மட்டும் தொலைத்துவிட்டு வந்த நாளும் உண்டு. எப்படி என்று கேட்டால் அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இதெல்லாம் சிரிக்கிற சமாச்சாரம். ஜூலைக் கடைசியில் நடந்தது அப்படி இல்லை. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, வராண்டாவைக் கடந்து, வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பதற்குள் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். ஷேர் ஆட்டோக்காரன் வளைத்துத் திருப்பியதில் ஆட்டோ சாய்ந்து, உள்ளே இருந்த ஒரு பெண்ணுக்குக் கை எலும்பு முறிந்தது. ஸ்டெல்லாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எதற்காக ஓடினாள் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். "தெலீது," தெரியாது என்று மட்டும் சொன்னாள்.

வகுப்பு ஆசிரியை ஜுலைகா மிஸ் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். நகரத்தின் பழைய பகுதியில் பிறந்து வளர்ந்தவர், நிதானமானவர். "டென்ஷன் நக்கோ", டென்ஷன் வேண்டாம் என்று ஆரம்பித்து, இங்கிலீஷும் இந்தியுமாக விளக்கினார். இந்தப் பிள்ளை வேண்டுமென்றே செய்யவில்லை, ஏடிஎச்டியாக இருக்கலாம், கவனம் ஓரிடத்தில் நிற்காமல் உடம்பு துறுதுறுக்கிற குறை அது, டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். டாக்டர் எழுதிக்கொடுத்தால் முன் பெஞ்சில் உட்காரவைக்கலாம், அரை மணிக்கு ஒருமுறை வெளியே நடந்துவிட்டு வர விடலாம், பரீட்சையில் கூடுதல் நேரம் தரலாம், பிரின்சிபாலிடம் அவரே பேசிக்கொள்வார். எழுதிய காகிதம் இல்லாவிட்டால் பிரின்சிபால் இதை ஒழுங்கீனம் என்றுதான் எடுத்துக்கொள்வார், அடுத்த முறை டிசி கொடுத்துவிடுவார்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. ஃபெலிக்ஸுக்குப் புரிந்தது. எனக்குத்தான் காகிதம் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

"பார்த்துட்டு வந்துருவோமே ரோஸ்லின், குடியா முழுகிரும்?" என்றார் ஃபெலிக்ஸ். "எங்க ஆபீஸ்ல ஒரு நாளைக்கு நாப்பது பிழை கண்டுபிடிக்கோம். எழுதி வைக்கோம், சரி பண்ணுதோம். எழுதாட்டாதான் திட்டு விழும்."

"ஒங்க சாஃப்ட்வேரும் எம்பிள்ளையும் ஒண்ணா? நாளைக்கு வேற ஸ்கூலுக்குப் போனா இந்தப் பேப்பரும் கூடவே போவும். பெறவு கல்யாணம் காச்சின்னு வரும்போதும் எவளாவது தோண்டி எடுப்பா. எழுதிட்டா எழுதுனதுதான், பாத்துக்கிடுங்க."

"ஏழு வயசுப் பிள்ளைக்குக் கல்யாணமா? ஏன் இப்பிடிப் பேசுத?"

ஏன் அப்படிப் பேசினேன் என்றால், என் பிழைப்பு அப்படி. அவர் வேலையில் பிழையைக் கண்டுபிடிக்கிறவனுக்குக் கைதட்டல். என் வேலையில் மருந்தின் மாதிரி ஒன்று ஃபெயில் என்று எழுதினால் அந்த பேட்ச் மருந்து முழுதும் குப்பைக்குப் போகும், மூன்று வாரம் விசாரணை நடக்கும், எழுதியவளை எல்லோரும் முறைப்பார்கள். அதனால் எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. மாதிரியை முறைப்படி மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால், பேர் நம்பர் எதுவும் போடாமல் துளி எடுத்து ஓட்டிப் பார்ப்போம். அதற்கு ட்ரையல் என்று பெயர். எண் சரியாக வந்தால் பிறகு முறைப்படி ஏற்றி ரிஜிஸ்டரில் எழுதுவோம். சரியாக வராவிட்டால், வருகிற வரைக்கும் ஏதாவது செய்வோம். ட்ரையல் எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது. செய்யக்கூடாத வேலைதான், தெரிந்துதான் செய்தோம். பதினோரு வருடத்தில் என் கையெழுத்தில் ஒரு பேட்ச் ஃபெயில் ஆனதில்லை.

ஆகவே ஃபெலிக்ஸிடம் சரி என்றேன். அவரே ஒரு டாக்டரைக் கண்டுபிடித்தார். டாக்டர் ருக்மிணி, தமிழ்தான், அப்பா டிஃபென்ஸ் லேபில் இருந்ததால் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நான் போன் செய்து நேரம் கேட்டபோது, அடுத்த வாரமே கிடைக்கிறது என்றார்கள். ஆகஸ்ட் கடைசிக்குக் கொடுங்கள் என்றேன். எனக்கு மூன்று வாரம் தேவைப்பட்டது.

டெஸ்டில் என்னென்ன இருக்கும் என்று பதற்றப்பட்ட அம்மா மாதிரி விசாரித்தேன். பாவம், எல்லாவற்றையும் சொன்னார்கள். டாக்டர் அவளோடு உட்கார்ந்து பேசுவார், கட்டங்களைப் பார்த்து வரையச் சொல்வார், கம்ப்யூட்டரில் எழுத்து வந்தால் பட்டனை அமுக்க வேண்டும், மொத்தம் நாற்பது நிமிடம் ஆகும். பெற்றோருக்கு ஒரு படிவம், டீச்சருக்கு ஒரு படிவம். மீதியை ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தேன்.

மறுநாளே டைனிங் டேபிளில் ட்ரையலைத் தொடங்கினேன். சமையலறை டைமரை முன்னால் வைத்தேன். முதல் நாள் மூன்று நிமிடத்தில் எழுந்து ஓடினாள். நான் அடிக்கவில்லை, கத்தவில்லை. திரும்பக் கூட்டிவந்து உட்காரவைத்து முதலிலிருந்து டைமரைத் திருகினேன். அப்படி ஒரே சாயங்காலத்தில் பதினேழு தடவை.

"ஸ்டெல்லா, ஒனக்கு ஒண்ணுமே இல்ல. கேட்டியா? நீ நெனச்சா முடியும்."

"ராது மம்மி." வராது என்றாள்.

"வரும். வரலன்னா நீ நெனைக்கலன்னு அர்த்தம். வேணும்னே செய்தன்னு அர்த்தம்."

அடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அடியாவது ஆறியிருக்கும்.

நான்கு நாளில் எட்டு நிமிடம் வந்தது. அங்கேயே ஒரு வாரம் நின்றது. அவள் கால் ஆடும், பிறகு தோள் ஆடும், பிறகு நாற்காலியோடு ஆடுவாள், கண்ணில் நீர் வரும், எழுந்து ஓடுவாள். நான் டைமரைத் திருகுவேன். ஃபெலிக்ஸ் ஒன்பது மணிக்குமேல்தான் வருவார், அவருக்கு எதுவும் தெரியாது. ஹோம்வொர்க் செய்யவைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, திடீரென்று இருபது நிமிடம் உட்கார்ந்தாள். மறுநாள் முப்பது. தலை நேராக, ஒரு கை பென்சிலில், மறு கை மடியில். நான் குக்கரை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் அப்படியே இருந்தாள். எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது.

எப்படி என்று நான் அவளிடம் கேட்கவில்லை. லேபிலும் அப்படித்தான், எண் மோசமாக வந்தால் ஏன் எப்படி என்று ஆயிரம் கேள்வி கேட்போம். எண் நன்றாக வந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

பெற்றோர் படிவத்தை நானே நிரப்பினேன். இடத்தைவிட்டு எழுந்து போகிறாளா? சில சமயம். பொருட்களைத் தொலைக்கிறாளா? சில சமயம். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டால் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியும், பதினோரு வருட அனுபவம். ஃபெலிக்ஸ் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கையெழுத்துப் போட்டார். டீச்சர் படிவத்தை ஜுலைகா மிஸ்ஸிடம் கொடுக்கவே இல்லை. எங்கள் தமிழ் சபையில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தும் ஜெயச்சந்திரன் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் பிள்ளைகளைப் பார்ப்பது வாரத்தில் முக்கால் மணி நேரம், அதுவும் குதித்துக் கைதட்டிப் பாடுகிற நேரம். அங்கே ஸ்டெல்லாதான் முதல் வரிசை. "நல்ல சுறுசுறுப்பான பிள்ளல்லா," என்று சந்தோஷமாக நிரப்பிக் கொடுத்தார். லேபில் பீப்பாயின் அடியில் கிடக்கும் கெட்டதை விட்டுவிட்டு, மேலே கிடக்கும் நல்ல பவுடரிலிருந்து மாதிரி எடுப்பது என்பது இதுதான்.

"சரி, ஸ்கூல் டீச்சர் ஃபார்ம் எங்க?" என்று ஆகஸ்ட் கடைசியில் போனபோது டாக்டர் ருக்மிணி கேட்டார்.

"மிஸ் பிரசவ லீவுல போயிட்டாங்க மேடம்," என்றேன். ஐம்பத்து நான்கு வயது ஜுலைகா மிஸ் என்னை மன்னிப்பாராக.

ஸ்டெல்லா உள்ளே நாற்பது நிமிடம் இருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக முதுகு தெரிந்தது. ஆடவில்லை. ஃபெலிக்ஸ் என் பக்கம் குனிந்து, "பரவால்லியே, எவ்வளவு நேரமா இருக்கா!" என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து நான் செய்தது சரிதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. அளிக்கப்பட்ட தகவல்களின்படி, ஏடிஎச்டிக்கான அளவுகோல்கள் பூர்த்தியாகவில்லை. நான் அதை வாசிக்கும்போது ஸ்டெல்லா பக்கத்தில் நின்றிருந்தாள். "பாத்தியா? டாக்டரே சொல்லிட்டாங்க. ஒனக்கு ஒண்ணும் இல்ல. இனி ஸ்கூல்லயும் இப்பிடியே உக்காரணும், சரியா?" தலையாட்டினாள்.

ஜுலைகா மிஸ் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். மடித்து ஃபைலில் வைத்தார். பிரின்சிபால் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு நிற்கவைத்து, உனக்கு நோயில்லை, ஆகவே இனிமேல் சாக்கும் இல்லை என்றார். என் எதிரில்தான் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதங்கள் எங்கள் வீட்டில் நல்ல மாதங்கள். பள்ளியிலிருந்து போன் இல்லை. தண்ணீர் பாட்டில்கள்கூடத் தொலையவில்லை என்று சொல்ல ஆசை, அது மட்டும் தொலைந்தது. மற்றபடி வகுப்பில் உட்கார்ந்தாள். நவம்பரில் பெற்றோர் கூட்டத்தில் ஜுலைகா மிஸ், "உங்கள் பெண் விஷயத்தில் நான் நினைத்தது தப்பு," என்றார். மார்க் குறைந்திருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. பேச்சும் குறைந்திருந்தது. தானே குளித்துக்கொள்வேன் என்று கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். பெண் பிள்ளை, பொறுப்பு வருகிறது என்று சபையில் நாலு பேரிடம் சொன்னேன்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு எடுத்த ஃப்ராக்கைப் போட்டு அளவு பார்க்கக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். டவுசர் மேலேயே போட்டுக்கொள்கிறேன் என்றாள். எனக்குப் பொறுமை போய், பிடித்து இழுத்து டவுசரைக் கழற்றினேன்.

இடது தொடை முழுக்கப் புள்ளிகள். பழையவை கறுத்து, அதற்கு மேலே பழுப்பாக, அதற்கு மேலே அன்றைக்கோ முந்தின நாளோ குத்திய சிவப்பு. வரிசையாகக்கூட இல்லை, இடம் கிடைத்த இடத்தில். இரண்டு இடத்தில் சீழ் வைத்திருந்தது. பென்சில் முனை ஒன்று ஒடிந்து தோலுக்கடியில் நீலமாகக் கிடந்தது.

"யாரு செஞ்சா? யாருன்னு சொல்லு! எவன்?" என்று நான் கத்தினேன். முதலில் எனக்கு அப்படித்தான் தோன்றியது. வேனில் யாரோ, பள்ளியில் யாரோ.

"நேனே," என்றாள். நான்தான். பிறகு, நான் கத்துவதைப் பார்த்து சமாதானப்படுத்துகிறவள்போல் தெலுங்கில் விளக்கினாள். ஓட வேண்டும் என்று உள்ளே வரும்போது இப்படிக் குத்தினால் அது போய்விடும். முதலில் கையால் கிள்ளிப் பார்த்தாளாம், போகவில்லையாம். பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டால் போகிறதாம். டைனிங் டேபிளில்தான் கண்டுபிடித்தாளாம்.

"வலிக்கலியா ஸ்டெல்லா?"

"நொப்பி லேது மம்மி." வலியில்லை. "ஒன்லி ஃபர்ஸ்ட்ல."

மடியில் இருந்த அந்த மறு கையில் இன்னொரு பென்சில். அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் குக்கரை இறக்கினேன். நான் பெற்ற பிள்ளை டேபிளுக்கு அடியில் தன்னைத் தானே குத்திக்கொண்டிருந்தாள், நான் டைமரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அசையாமல் நின்றாள்.

ஃபெலிக்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ட்ரையல், படிவம், ஜெயச்சந்திரன் அண்ணன், பிரசவ லீவு. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர், "நான் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேனே," என்றார். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் டாக்டர் ருக்மிணியிடம் போனோம். ஸ்டெல்லாவை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவரிடம் சொல்ல முடியாது என்பதால், அவளை வெளியே விளையாட்டு அறையில் விட்டிருந்தார்கள். சறுக்கு மரம், பந்து, குதிக்கிற மெத்தை எல்லாம் இருந்த அறை. நான் சொல்லி முடித்தபோது டாக்டர் முகத்தில் கோபம் தெரிந்தது. மறைக்கவும் இல்லை.

"அப்ப அந்த ரிப்போர்ட் உங்களுக்கு. குழந்தைக்கு இல்ல," என்றார்.

"மறுபடி பாருங்க மேடம். உள்ளத உள்ளபடி எழுதுதேன். ஜுலைகா மிஸ்கிட்டயும் உண்மையச் சொல்லி ஃபார்ம் வாங்கியாரேன். என்ன பேர் வேணும்னாலும் போடுங்க."

"கைக்கு?" எதற்கு என்றார் ஊர் இந்தியில். "இப்பப் பாத்து என்ன எழுதறது?" டாக்டர் கண்ணாடிக் கதவைக் காட்டினார். "அங்க பாருங்கோ."

பார்த்தேன். சறுக்கு மரத்தில் யாரும் இல்லை. மெத்தையில் யாரும் இல்லை. சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். நாங்கள் உள்ளே வந்து அரை மணிக்குமேல் ஆகியிருந்தது. விளையாடச் சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.

"இன்னிக்கு நான் டெஸ்ட் பண்ணினா மறுபடி நார்மல்னுதான் வரும். நான் பாக்கறது அந்தக் குழந்தைய இல்ல, நீங்க சொல்லிக்குடுத்தத. காலுக்கு மருந்து போடுங்கோ. வாரம் ஒருநாள் என்கிட்ட கூட்டிண்டு வாங்கோ, நான் அவகிட்ட பேசறேன். ஸ்கூல்ல இன்னிக்கே சொல்லுங்கோ, பென்சில் விஷயமும் சேத்து. டெஸ்ட் எல்லாம் அப்பறம். மொதல்ல அவ பழையபடி ஓடட்டும்."

"எவ்வளவு நாள் ஆவும் மேடம்?" என்றார் ஃபெலிக்ஸ்.

"தெரியாது சார்."

ஜுலைகா மிஸ்ஸிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் அழுதார், என்னைப் பார்க்காமல் அழுதார். பிரின்சிபால் தன் ஃபைலில் இருந்த ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, எதை நம்புவது என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். மார்ச் வரை வைத்துக்கொள்கிறேன், பிறகு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் சம்பளமில்லாத லீவு போட்டேன். மறுநாள் சாயங்காலம் ஸ்டெல்லாவை எங்கள் காலனிக்குப் பின்னால் இருந்த பார்க்குக்குக் கூட்டிப்போனேன். ஃபெலிக்ஸும் ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தார். புல் நிறையப் பிள்ளைகள். ஒன்று கீழே விழுந்து அழுதது, இரண்டு துரத்திக்கொண்டு ஓடின. ஒரு வருடத்துக்கு முன்னால் இங்கே அவளைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

பெஞ்சில் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முன்னால் மண்டியிட்டு, ஷூ லேஸை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

"போ ஸ்டெல்லா. ஓடு. எங்க வேணும்னாலும் ஓடு, மம்மி ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் புல்லைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எழுந்து, கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள்.

"எந்த சேப்பு மம்மி?" என்று கேட்டாள். எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று.